வேடமும் நடையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையிட்டு நிற்கும் ஊர் காத்தான்குடி. நெசவும் வணிகமும் வளர்த்த ஊர் அது. அங்குள்ள புடவைக் கடைக்காரர், வாசலிற் கால்வைப்பவர் வாங்க வந்தவரா, விலை கேட்க மட்டும் வந்தவரா என்பதை நொடியிற் கணித்துவிடுவார். எந்தத் துணியை அவர் கை இரண்டாம் முறை தொட்டது, எந்த விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது என்பன அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. வருவோரை அவதானித்தல் வணிகத்தின் இயல்பு. அதனை அறக்கேடு என்று எவரும் கூறார். அவ்வாறாயின், கணினி படைத்த உலகங்களில் வருவோரின் செயல்களைப் பதிந்து ஆராய்வதை மட்டும் நாம் ஏன் ஐயுற வேண்டும்?

மெய்ந்நிகர் உலகம் என்பது மனிதர் தமக்கென ஓர் உருவைப் புனைந்துகொண்டு உலவும் வெளியாகும். 2003இல் தோன்றிய 'செக்கண்ட் லைஃப்' இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அங்கு ஒருவர் எங்கு நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், யாருடன் உரையாடினார் என்பன யாவும் பதிவாகக்கூடியன. இதனால் நன்மையும் உண்டு. 2005இல் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்னும் விளையாட்டுலகில், படைத்தோரே எதிர்பாராத வகையில் ஒரு கற்பனைத் தொற்று பரவியது. சிலர் பிறரைக் குணப்படுத்த விரைந்தனர், சிலர் தப்பியோடினர், வேறு சிலர் வேண்டுமென்றே அதனைப் பரப்பினர். இரண்டு ஆண்டுகளின் பின் தொற்றுநோயியல் ஆய்வாளர் அந்நிகழ்வை எடுத்து, நோய்க் காலத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறையை அறிய அது உதவுமென எழுதினர். ஆகவே அவதானித்தலை முழுமையாகப் பழித்தல் பொருந்தாது.

எனினும் இவ்வினாவுக்கு மற்றொரு பக்கமுண்டு. நம் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை நினைவு கூர்வோம். கரப்புடுப்பும் முடியும் அணிந்து களரிக்கு வருபவன் அருச்சுனனாகவே காட்சி தருகிறான். ஆயினும், அவன் நடையைக் கண்டதும் இன்னார் மகன் என ஊரார் அறிந்துகொள்வர். வேடம் முகத்தை மறைக்கும், நடையை மறைக்காது. இன்று இயந்திரமும் இவ்வித்தையைக் கற்றுவிட்டது. தலையில் அணியும் கருவி, தலையும் கைகளும் அசையும் விதத்தை ஒரு நொடியிற் பல தடவை பதிகிறது. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், 511 பேரின் அசைவுகளில் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த பதிவைக் கொண்டே, 95 வீதத் திருத்தத்துடன் இன்னார் இவர் என இனங்கண்டனர். 2023இல் பேர்க்லி ஆய்வாளர் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடையே, 100 நொடிப் பதிவினால் ஏறத்தாழ 94 வீதத் திருத்தத்துடன் அதனைச் செய்து காட்டினர். பெயரை மறைத்தவரின் உடலே அவர் பெயரை உரைக்கிறது.

“மறைக்க ஏதுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?” என்பர் சிலர். 2013இல் வெளியான இரகசிய ஆவணங்கள், அமெரிக்க, பிரித்தானிய உளவமைப்புகள் மேற்கூறிய இரு உலகங்களிலும் புகுந்து வேவு பார்த்தமையை வெளிப்படுத்தின. அங்கு விளையாட வந்தோருட் பெரும்பாலார்க்கு மறைக்க ஏதும் இருந்திராது. எனினும் தாம் பார்க்கப்படுவதை அவர்கள் அறியார். கடைக்காரரை வாடிக்கையாளரும் பார்க்கிறார்; பிடிக்காவிடின் அடுத்த கடைக்குச் செல்கிறார். கூத்தனை இனங்காணும் ஊராரை அவனும் அறிவான். மேலும், மனிதக் கண் மறக்கும், பதிவு மறப்பதில்லை. பார்வை ஒருவழிப்படும்போதும், அது மறவாதிருக்கும்போதும் அறிமுகம் ஆதிக்கமாக மாறுகிறது.

இதனினும் பெரிய இடர், மனிதரை வகைகளாக அடுக்குதலாகும். காத்தான்குடி இதனைப் பட்டறிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் இவ்வூரிற் பிறந்தவன். அதன்பின் ஊரின் பெயரே ஐயத்திற்குப் போதிய காரணமாயிற்று. ஆனால் 2017இல் அவனது கூட்டத்தார் நிகழ்த்திய மோதலையடுத்து, அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் இவ்வூர் முஸ்லிம்களே. அயலாரின் அறிவு ஒருவனைச் சுட்டியது. பின்னர் எழுந்த ஐயமோ ஓர் ஊரையே சுட்டியது. மெய்ந்நிகர் உலகின் பகுப்பாய்வும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக எளிதில் ஆகிவிடும். இவ்விடத்தில் இவ்வளவு நேரம் நின்றவர் இத்தகையவர் என அது முடிவு கட்டும். நின்றவரிடம் காரணம் கேளாது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. சட்டம் வேண்டியதே, எனினும் சட்டத்துக்கு முன்னே நிற்கவேண்டியது அறவுணர்வு. குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் ஐயத்தையும் துருவி ஆராய்தலையும் ஒருசேர விலக்குகிறது. வள்ளுவரோ ஒற்றாடலை அரசனுக்குரிய கடமைகளுள் வைக்கிறார். ஆனால் அதற்கு முந்திய அதிகாரம் கண்ணோட்டம் என்பதை நாம் மறத்தலாகாது. ஒன்று வேவு பார்க்கும் கண். மற்றையது இரங்கும் கண்.

ஆதலின் வருவோரை அவதானிப்பவர் மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும்: பார்ப்பதை முன்னரே அறிவித்தல், அறிவித்த நோக்கத்துக்கன்றிப் பிறிதொன்றுக்கு அதனைப் பயன்படுத்தாமை, நோக்கம் நிறைவேறியதும் பதிவை அழித்தல். கடைக்காரர் தாம் அறியாமலே இம்மூன்றையும் கடைப்பிடிக்கிறார். இயந்திரம் அறிந்தே கடைப்பிடிக்கவேண்டும். அதனை அவ்வாறு பணிக்கும் பொறுப்பு மனிதராகிய நம்முடையதே.