மரத்துப்போன விரல்



பின்லாந்து தேசத்தில், வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஔலு என்று ஒரு பட்டணம் உண்டு. குளிர்காலத்தில் சில நாட்கள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்தக் குளிரிலும் அநேகர் சைக்கிளில்தான் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே பல தேசத்தார் கூடும் மாநாடு, 2013-ல் முதன்முதலாக அந்த ஊரில்தான் கூடியது.

எப்படிங்க முடியும் என்பீர்கள். அவர்கள் கையைப் பாருங்கள். கடுங்குளிரில், விரலுக்கு விரல் தனி உறை உள்ள கையுறை போதாது. கட்டைவிரல் மட்டும் தனியே இருக்க, மற்ற நாலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறை வேண்டும். ஒரு விரலின் சூடு அடுத்த விரலைக் காக்கும். அந்தச் சூடோ, இருதயத்திலிருந்து வருகிற இரத்தத்தினால் உண்டானது. ஆம், இரத்தம்! அல்லேலூயா!

விரல் குளிரில் அகப்பட்டால் முதலில் சுரீரென்று வலிக்கும். பிறகு மரத்துப்போகும். வலி போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைப்பான். அப்போதுதான் சதை உறைய ஆரம்பிக்கிறது!

சபைக்கு வராதவர்களைச் சந்திக்கப் போகும்போது, "வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கிறேன் பாஸ்டர்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். முதல் வாரம் ஆராதனையை விட்டபோது உள்ளம் குத்தியது. இப்போது ஒன்றும் குத்தவில்லை. சகோதரனே, அது சமாதானம் அல்ல, மரத்துப்போன நிலை! பிரசங்கி 4:11-ஐயும் எபிரெயர் 10:25-ஐயும் இன்றே முழங்காலில் நின்று வாசியுங்கள்.

விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. உறைந்த விரலைத் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் சதை இன்னும் கெடும். குளிர் தாக்கத் தொடங்கிய விரலை அக்குளில் வைத்து அணைத்து, மெள்ளச் சூடேற்ற வேண்டும். பல மாதம் கழித்து ஒருவர் வாசலில் வந்து நின்றால், "இத்தனை நாள் எங்கே போனீங்க?" என்று தேய்க்காதேயுங்கள். பாயில் இடம் விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். இளைய குமாரனைத் தகப்பன் கேள்வி கேட்டா சேர்த்துக்கொண்டார்? ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாரே!

இந்த வாரம் உங்கள் பக்கத்தில் காலியாக இருந்த இடம் யாருடையது? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எழுப்புதல் அங்கேயிருந்து புறப்படட்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.