500 பொற்காசு வைரம்

சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஐந்து பேர் ஆன்லைனில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாக ஆட, அவர்களைச் சுற்றியிருக்கும் உலகம் மொத்தத்துக்கும் நான் குரல் கொடுக்க வேண்டும். ஒரு வாரம், கோயில் வாசலில் ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். மடியில், ஆற்றில் மூழ்கிச் செத்த பன்னிரண்டு வயது மகன். கதைக்கு அவள் தேவையே இல்லை. காட்சி கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்று போகிறபோக்கில் சேர்த்த ஆள்.

நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், இந்தக் கோயில் பூசாரிக்குத்தான் செத்தவங்கள எழுப்பத் தெரியுமே. போன மாசம் எங்க ஆளையே எழுப்பிக் குடுத்தாரு. இந்தப் பையனுக்கு மட்டும் ஏன் பண்ணல?"

என்னிடம் பதில் இல்லை. விதிப்புத்தகத்தைத் திறந்தேன்.

நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் 'ரெய்ஸ் டெட்' மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரத்தோடு வைரமும் தீர்ந்துபோகும். இறந்து 10 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில், தொழில் தெரியாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு என்று போட்டிருக்கிறது. பத்து வெள்ளி ஒரு பொன். கணக்குப் போட்டால் 2,500 நாள் கூலி, கிட்டத்தட்ட ஏழு வருடம். அதுவும் ஒரு காசு செலவழிக்காமல் இருந்தால். ஏழையாக வாழ ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்பதற்கும் அங்கே அட்டவணை உண்டு: அதே 2 வெள்ளி. ஆக, அவளால் எந்தக் காலத்திலும் அந்த வைரத்தை வாங்க முடியாது. அவளுக்கு இருப்பதோ பத்து நாள்.

இதைப் படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்னான்: "அப்போ இந்த ஊர்ல பணக்காரன் செத்தா அது விபத்து. ஏழை செத்தாதான் சாவு."

இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆடுபவர்களிடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஓர் உலகத்தில் எவ்வளவு மாயம் இருக்கலாம்? லோ மேஜிக்கா, ஹை மேஜிக்கா? காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதுபோல, ருசி சார்ந்த விஷயமாகத்தான் இதைப் பேசுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு இது அறம் சார்ந்த கேள்வியாகத் தெரிகிறது.

டோல்கீனின் உலகத்தை வைத்து 2011இல் வந்த 'தி ஒன் ரிங்' விளையாட்டில் நாம் மந்திரவாதியாக ஆட முடியாது. அங்கே ஒரு பையன் மூழ்கிச் செத்தால் அழலாம், பாடலாம், புதைக்கலாம். யாரையும் போய்க் கேட்க முடியாது. துக்கம் உண்டு, வழக்கு கிடையாது. எட் கிரீன்வுட் உருவாக்கி 1987இல் விளையாட்டாக வெளிவந்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' நேர் எதிர். எல்மின்ஸ்டர் போன்ற பெரும் மந்திரவாதிகள் நடமாடும் உலகம் அது. "இவ்ளோ பெரிய ஆளு இருக்கும்போது இந்த வேலைக்கு நாங்க எதுக்கு?" என்பது அதை ஆடுபவர்களின் பழைய கிண்டல். கிண்டலாகச் சொன்னாலும் கேள்வி சரியானது. மாயம் கூடக்கூட, 'யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது' என்ற ஆறுதல் சுருங்கிக்கொண்டே போகிறது. விதி என்று இருந்தது, யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்றாகிவிடுகிறது.

இதை நேராகப் பார்த்த உலகங்களும் உண்டு. 1991இல் வந்த 'டார்க் சன்'னில் மந்திரம் போட வேண்டுமானால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்ச வேண்டும். நிதானமாக, கொஞ்சமாக எடுப்பவர்கள் உண்டு. அவசரக்காரர்கள் மண்ணையே சாம்பலாக்கிவிட்டுப் போவார்கள். அந்த உலகம் பாலைவனமானதே அப்படித்தான். மந்திரம் ஒருவருக்கு, விலை கொடுப்பது வேறொருவர். கீத் பேக்கரின் 'எபரான்' (2004) மாயத்தை அன்றாடத் தொழிலாக்கியது. மாய ரயில் ஓடும், தெருவிளக்கு எரியும். காயம் ஆற்றும் வரம் ஒரு வணிகக் குடும்பத்தின் கையில். காசு கொடுத்தால் ஆறும். மாயம் எவ்வளவு என்பதைவிட அது யார் கையில் என்பதே கேள்வி என்று இந்த இரண்டும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றன.

'இது வெறும் விளையாட்டு, சாவுக்குப் பயம் இருந்தால்தானே சுவாரசியம், அதற்குத்தான் வைரம்' என்று சொல்லலாம். சரிதான். ஆனால் நானும் மென்பொருள் எழுதுகிறவன். சர்வர் திணறக் கூடாது என்று ஒரு செயலியில் 'மூன்று முறை தவறினால் 24 மணிநேரம் பூட்டு' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது என் மனதில் சர்வர் மட்டும்தான் இருந்தது. கை நடுங்கும் ஒரு பெரியவர் ஒருநாள் முழுக்கத் தன் பணத்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவில்லை. புகார் வந்தபோதுதான் தெரிந்தது. சமநிலைக்காகப் போடும் தடை எல்லோரையும் சமமாகத் தடுப்பதில்லை.

அப்படியானால் மாயமே இல்லாத உலகம் மேலா? இல்லை. அங்கேயும் அந்தப் பையன் சாவான். பணக்காரன் மகனும் சேர்ந்து சாவதால் இவளுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? மாயம் குறைந்த உலகத்தில் மிச்சமாவது நம்முடைய குற்றவுணர்வு மட்டும்தான். எனக்கு மருந்து இருக்கிற உலகம்தான் வேண்டும். ஆனால் மருந்து வந்த பிறகு 'அவன் விதி அவ்வளவுதான்' என்று சொல்லும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம். இதைச் சொல்ல டிராகன் தேவையில்லை.

அன்றிரவு என் நண்பர்களிடம் ஒரே ஒரு வைரம் இருந்தது, தங்களில் யாராவது செத்தால் எழுப்ப. "நாளைக்கு நம்ம ஆளு செத்தா என்ன பண்றது?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் கொடுத்துவிட்டார்கள். பையன் எழுந்து இருமினான். எல்லோருக்கும் சந்தோஷம்.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாள் காலை அவர்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் ஏழு பேரை நிறுத்தினேன், ஆளுக்கொரு சவத்தோடு.

"டேய், இது அநியாயம்டா" என்றான் அவன்.

ஆமாம் என்றேன். மூன்று வாரமாகிறது. டிராகனை மறந்துவிட்டு, வைரச் சுரங்கம் யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.