முதலிடத்தைக் கேள்வி கேளுங்கள்

செங்கல்பட்டு மாவட்டம், கூடுவாஞ்சேரியை அடுத்து ஜோஹோவின் வளாகம் இருக்கிறது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியை அந்த நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. அங்கே படித்தவர்கள் கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே மென்பொருள் எழுதுகிறார்கள். தரவுப் பகுப்பாய்வுக்கும் பட்டம் கட்டாயமில்லை. பட்டம் இல்லை என்றாலே விண்ணப்பத்தை ஒதுக்கும் நிறுவனங்கள் இன்னும் நிறைய, அது அநியாயம்.

தரவுப் பகுப்பாய்வுக்குத் தேவை எக்செல், எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான். கருவிகள் சில மாதங்களில் கைவந்துவிடும். எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கம்தான் வர நாளாகும். 2022-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2021-22-ல் மாமல்லபுரம் வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922 பேர். நம் ஊர் முதலிடம் என்று பூரித்துப்போனோம். ஆனால் கொரோனாவால் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-ல்தான் மறுபடி பறக்கத் தொடங்கின. அப்படியென்றால் இத்தனை பேர் யார்? இங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்களா? ஒருவரே பலமுறை வந்தாரா? நுழைவுச்சீட்டை எப்படி எண்ணினார்கள்? கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் நிலவரம் என்ன?

வேலை தேடும் தம்பி, தங்கைகளே, அமைச்சகத்தின் அந்தக் கணக்கு எல்லோருக்கும் இலவசம். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி, இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள்.