விண்மீன் மீது விழுந்த பழி

கி.பி. 1006-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 396. வசந்தகால இரவொன்றில், அதுகாறும் எவரும் கண்டிராத பேரொளியொன்று தென்வானில் தோன்றிற்று. சீனரும் ஜப்பானியரும், ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்துத் துறவியரும் அதனைக் கண்டு எழுதிவைத்தனர். எனினும், எகிப்திலிருந்து அதைக் கண்ட ஓர் இளைஞரின் குறிப்பே என் உள்ளத்தை விட்டு அகலாதிருக்கிறது. ஜீஸாவில் ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பின்னாளில் பெயர்பெற்ற மருத்துவராய் விளங்கிய அலீ இப்னு ரிள்வான்தாம் அவர். அப்போதுதான் அவர் கல்வி பயிலத் தொடங்கியிருந்தார்.

அவ்வுரு வெள்ளியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாயிருந்தது. ஒளியோ நிலவொளியின் கால்பங்கிற்குச் சற்று மேல். விருச்சிக ராசியில், கதிரவனுக்கு நேரெதிரே நின்றது. தாலமியின் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இவற்றை அவர் பதிந்துவைத்தார். சுமார் 7,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்துச் சிதறிய வெண்குறு விண்மீன் ஒன்றின் எச்சத்தை இன்றைய வானியலார் காண்கின்றனர். அதனை 1006-இன் ஒளியோடு பொருத்துவதற்கு அவர் தந்த இடக்குறிப்பும் துணைநின்றது.

அதே குறிப்பில், பின்னர் மூண்ட போர்களுக்கும் பஞ்சத்திற்கும் கொள்ளைநோய்க்கும் அவ்விண்மீனின் தீக்குறியே காரணமென்றும் அவர் எழுதினார். கண் சரியாகவே கண்டது, தீர்ப்புப் பிழைத்தது.

இதனை அக்காலத்து அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சோதிடத்தில் நாட்டம் இருந்ததனாலன்றோ அவர் அத்துணைக் கூர்ந்து நோக்கினார்! என்னை உறுத்துவது வேறு. போரை மூட்டியவர்கள் மனிதர்கள். பழியைச் சுமந்ததோ விண்மீன். வானத்தின்மேல் குற்றம் சாட்டப்பட்டவுடன் வாளேந்தியவன் விடுதலையாகி விடுகிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் கதிரவனைக் கிரகணம் பிடித்தது. அம்மறைவிற்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். துயரத்தின் நடுவிலும் பெருமானார் அதனை ஏற்கவில்லை. எவருடைய இறப்பிற்காகவும் பிறப்பிற்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்றே உரைத்தார்கள். அப்படியிருந்தும், ஸஃபர் மாதத்தில் நிக்காஹ் வைக்கத் தயங்கும் வீடுகள் நம்மிடையே இல்லாமலில்லை.

ஆயின், வானிற்கும் நமக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. பசிபிக் கடலடிப் பாறையில் இரும்பு-60 என்னும் கதிரியக்க இரும்பு இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளில் அது பாதியாய்த் தேய்ந்துவிடும். பூமி பிறந்தபோது இருந்தது இன்று எஞ்சியிராது. எனவே, இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓரளவு அண்மையில் வெடித்த விண்மீனின் துகளே அது எனக் கொள்கின்றனர். முப்பது ஒளியாண்டுகளுக்குள் அது வெடித்திருந்தால், கதிர்வீச்சு ஓசோன் படலத்தைச் சிதைத்து உயிரினங்களைக் கதிரவனின் புற ஊதாக் கதிர்களுக்கு இரையாக்கியிருக்கக்கூடும். அருகில் வெடித்தால் அழிவு. ஆனால் நம் உடலிலுள்ள மூன்று நான்கு கிராம் இரும்பில் பெரும்பகுதியும், கதிரவன் தோன்றுமுன் வெடித்தழிந்த விண்மீன்கள் ஈந்ததே! அவை நம்மைக் கருதி வெடித்தவையல்ல. படைத்தவனுக்கு நன்றி செலுத்துவோர்க்கு அது தடையாகவும் இல்லை.

அரபியர் யத் அல்-ஜவ்ஸா என அழைத்த நம் திருவாதிரை, 2019-இன் இறுதியில் மங்கத் தொடங்கியது. வெடிக்கப் போகிறதோ எனப் பலர் பரபரத்தனர். புழுதிப்படலம் மறைத்ததே முதன்மைக் காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. ஒரு இலட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடிக்கலாம். ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவாகையால் நமக்குத் தீங்கில்லை. பகலிலும் கண்ணுக்குத் தெரியும். அன்றும் பூமியில் எங்கேனும் ஒரு போர் நடந்துகொண்டிருக்கக் கூடும்.