கேட்காத குரல்

2009-ஆம் ஆண்டில் காலமான என் அம்மா, போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தாள். டெலிவிஷனில்தான் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அடுப்பங்கரை நிலையைத் தாண்டி வந்து, என்னை நேருக்கு நேராகப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு ஒரு கணம் சும்மா நின்றாள். சிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அது 1999-ஆம் வருஷத்துப் பொங்கல். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சின்ன மாமா, தோளில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய பெரிய வீடியோக் காமிரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் முழுவதும் அதை என்னிடம் நம்பிக் கொடுத்தார். எனக்கு அப்போது 20 வயது. ஊரையே விலைக்கு வாங்கிவிட்டவனைப் போல அன்று நான் நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் காஸெட் 25 வருஷங்களுக்கு மேலாகப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் எங்கள் வீட்டை விட்டுப் போய் நெடுநாளாயிற்று. பழைய காஸெட்டுகளைக் கணிப்பொறிக்கு மாற்றித் தரும் ஒருவர் கடைவீதியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கொடுத்து, கட்டைவிரல் நீளப் பென் டிரைவ் ஒன்றில் வாங்கிவந்தேன்.

டெலிவிஷனில் செருகினோம். படம் வந்தது. அக்கா போட்ட கோலம், பொங்கி வழியும் பானை, கரும்பு கடிக்கும் பிள்ளைகள், திண்ணையில் பத்திரிகை படிக்கும் அப்பா. எல்லாம் இருந்தன, சத்தம் மட்டும் இல்லை. ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். 100 வரை போயும் ஊமைதான். அப்படியே செய்திச் சானலுக்கு மாற்றினேன். அறிவிப்பாளர் வீடு அதிரக் கத்தினார். டெலிவிஷனின் தொண்டையில் குறையில்லை என்று தெரிந்தது. அதே பென் டிரைவில் மகள் வைத்திருந்த சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டோம், அதுவும் பாடிற்று. ஆகவே பழுது காஸெட்டில், அல்லது அதை மாற்றிக் கொடுத்தவரிடம் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "இங்கே கேட்டுப் பார்த்துத்தான் சார் கொடுத்தேன். கணிப்பொறியில் நன்றாக வந்ததே" என்றார் அவர். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து நாலு வார்த்தை கடுமையாகவே பேசி வைத்தேன்.

அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருந்தது. 1976-இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். காஸெட்டின் உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அதில் பெரும் பகுதியைப் படம் எடுத்துக்கொள்ளும். வேகமாகச் சுழலும் ஓர் உருளை, சாய்ந்த கோடுகளாக அதை எழுதிக்கொண்டு போகும். சாதாரண காமிராக்களில் ஒலிக்குக் கிடைத்த இடமோ நாடாவின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வரப்புத்தான். வயலின் நடுவில் படம், வரப்பில் ஒலி. ஓரம் மடங்கினால், கசங்கினால் படம் தப்பிவிடும், ஒலி போய்விடும். எங்கள் காஸெட்டுக்கும் இதுதான் நேர்ந்திருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கம் கிடைத்துவிட்டால் துக்கம் பாதி தீர்ந்துவிடுகிறது அல்லவா?

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதற்கு முன்னால் ஊமைப்படம் ஓடிய கொட்டகைகளில், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதையை உரக்கச் சொல்வானாம். அடுத்த எட்டு நாட்கள் எங்கள் கூடம் அப்படி ஒரு கொட்டகையாகிவிட்டது. அம்மா நிலைவாசலில் நின்று என்ன சொல்கிறாள்? "எல்லாரும் சாப்பிட வாங்க என்கிறார்கள்" என்றாள் என் மனைவி. "அப்பாயி உங்களுக்குக் காபி வேணுமா என்று கேட்கிறாங்க" என்றாள் மகள். திருச்சியிலிருந்து போனில் பேசிய அக்காவோ, தன் பிள்ளையைப் பற்றித்தான் அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்றாள். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டு ஏதோ சொல்கிறாள் என்றுதான் மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். குரல் இல்லாத அம்மாவுக்கு ஆளுக்கொரு வசனம் எழுதினோம். எழுதிய வசனம் ஒவ்வொன்றும் எழுதியவருக்கே சாதகமாக அமைந்திருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வந்தான். எஞ்சினீயரிங் படிக்கிறவன். படத்தை ஒரு முறை ஓட விட்டு, "மாமா, தொடக்கத்தில் கீழே ஒரு வரி வந்து மறைகிறதே, அதைப் படிக்கவில்லையா?" என்றான். எட்டு நாட்களாக அந்த வரி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இந்த ஒலியின் வகையை இயக்க இந்த டெலிவிஷனால் முடியாது என்று, சிறிய ஆங்கில எழுத்தில், நாலைந்து விநாடி. நாங்கள் அம்மாவைப் பார்க்கிற அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

அவன் சொல்லித்தான் விஷயம் விளங்கிற்று. கணிப்பொறியில் ஒரே கோப்பாகத் தெரிகிற வீடியோ உண்மையில் ஒரு பெட்டி மாதிரி. அதற்குள் படம் ஒரு முறைப்படியும், ஒலி வேறொரு முறைப்படியும் தனித்தனியே மடித்து வைக்கப்பட்டிருக்கும். பார்க்கிற கருவிக்கு இரண்டையும் பிரித்து விரிக்கத் தெரிய வேண்டும். பென் டிரைவைத் தன் லாப்டாப்பில் போட்டு, வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் கோப்பின் விவரத்தைத் திறந்து காட்டினான். படம் எச்.264, 2003-இல் வந்த அந்த முறை எங்கள் டெலிவிஷனுக்குத் தெரியும். ஒலி பி.சி.எம்.; சுருக்காமல் அப்படியே வைக்கிற முறை. தரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மாதிரிப் பெட்டிக்குள் அந்த மாதிரி ஒலியை எங்கள் டெலிவிஷன் எதிர்பார்க்கவில்லை. கணிப்பொறிக்கோ இரண்டும் தெரியும். கடைக்காரர் சொன்னது சத்தியம்.

லாப்டாப்பையே எச்.டி.எம்.ஐ. கம்பியால் டெலிவிஷனில் இணைத்துவிட்டாலும் ஒலி வருமாம். பிரிக்கிற வேலையைக் கணிப்பொறி செய்துவிடும். ஆனால் அக்காவுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டியிருந்தது. எனவே மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்தான். படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒலியை மட்டும் ஏ.ஏ.சி. என்ற முறைக்கு மாற்றினான். 1997-இல் தரப்படுத்தப்பட்ட முறை அது. அநேகமாக எல்லா டெலிவிஷனுக்கும் புரியும் பொது மொழி என்றான். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

கடைக்காரருக்கு மறுபடி போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கோபப்படுவார்கள்" என்றார். ஒலி முழுவதும் உள்ளேயே இருந்திருக்கிறது. பேசியவர் பேசியிருக்கிறார், எழுதிய நாடா காப்பாற்றியிருக்கிறது, மாற்றியவர் ஒழுங்காக மாற்றியிருக்கிறார். குறை, கேட்க வேண்டிய பெட்டியில் இருந்தது. நாங்களோ அதைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகித்தோம். இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல நீதிக்கதையாக முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை நாங்கள் படத்தைப் போட்டோம்.

வீட்டுக் காமிராவில் மைக் காமிராவிலேயே இருக்கிறது. ஆகையால் எதிரே நிற்பவர்களின் குரலைவிட, படம் எடுப்பவனின் குரல்தான் உரக்கப் பதியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை, தோன்றாமல் போயிற்று. படம் முழுவதும் என் குரல். "தள்ளி நில்லு", "வெளிச்சத்தை மறைக்காதே", "அந்தப் பக்கம் போ". படத்தில் நான் ஓர் இடத்தில்கூட இல்லை. ஒலியில் நானே நிறைந்திருந்தேன். "அப்பா, அது நீங்களா?" என்றாள் மகள்.

அம்மா நிலைவாசலுக்கு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி, ஆனால் தெளிவாக, அவள் குரல் கேட்டது.

"ஏன் தம்பி, எல்லாரையும் எடுக்கிறியே, அப்பாவையும் என்னையும் சேர்த்து ஒண்ணு எடேன். கல்யாணத்தப்ப எடுத்துக்கிட்டதுதான்."

உடனே, காதருகில் கேட்பது போல என் குரல்: "அப்புறம் எடுக்கலாம்மா. இப்ப பேசாதே. பேசறதெல்லாம் பதியும்."

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு கணம். அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு.

மிச்சப் படத்தை முடிவு வரை பார்த்தேன். அந்த 'அப்புறம்' வரவில்லை. மறுநாள் மாமா காமிராவோடு கிளம்பிப் போனார். 2001-இல் அப்பா காலமானார். 1972-இல் எடுத்த கல்யாணப் போட்டோவைத் தவிர, அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அன்று அம்மாவுக்கு 45 வயது. இன்று எனக்கு 46.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. காதால் கேட்பதும் கேட்பதுதான். வேண்டும் என்று கேட்பதும் கேட்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரங்களை முடித்த கையோடு, 42-ஆவது அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். அங்கே கேள்வி என்பது செவிசாய்த்தல். இன்று அதே சொல் வினாவைக் குறிக்கிறது. அந்த இரண்டையும் முன்னோர் ஏன் ஒரே சொல்லில் வைத்தார்கள் என்று அன்று இரவு எனக்கு விளங்கிய மாதிரி இருந்தது. ஒருவர் கேட்பதும் மற்றவர் கேட்பதும் சேர்ந்துதான் ஒரு காரியம் முழுமையாகிறது. அம்மா கேட்டாள், நான் கேட்கவில்லை.

மகன் சொல்லி அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரவு போன் செய்தாள். "அந்த இடத்தில் மட்டும் ஒலியை எடுத்துவிடச் சொல்லு தம்பி. உன்னைப் பேரன் பேத்திகள் தப்பாக நினைக்க வேண்டாம். அம்மா சிரிக்கிறாளே, அது போதும்" என்றாள்.

செய்வது சுலபம். ஒரு காபி நேரம்கூட ஆகாது. அக்கா சொல்வதில் அன்பும் இருக்கிறது, ஓரளவு நியாயமும் இருக்கிறது. இந்த உண்மையால் இனி யாருக்கு என்ன பயன்? அம்மாவுக்கு அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்க இனி முடியாது. 20 வயதுப் பையன் ஒருவனின் அவசரத்தை 46 வயதில் தூக்கிலிடுவதால் தர்மம் தழைத்துவிடுமா? எட்டு நாட்கள் ஊமைப்படமாகப் பார்த்து எல்லோரும் மகிழ்ச்சியாகத்தானே இருந்தோம்?

இரவெல்லாம் யோசித்தேன். எட்டு நாள் மௌனத்தில் குற்றமில்லை. அது இயந்திரத்தின் இயலாமை. ஆனால் கேட்ட பிறகு அந்த இடத்தை நானே ஊமையாக்கினால் அது வேறு. 'பேசாதே' என்று அம்மாவிடம் இரண்டாம் முறை சொல்வதாக ஆகும். முதல் முறை கவனமில்லாமல் சொன்னேன் என்று ஆறுதல் தேடலாம். இந்த முறை அந்த ஆறுதலும் இருக்காது.

இன்னொன்றும் தோன்றிற்று. ஒலியில்லாமல் பார்த்தபோது அம்மாவின் சிரிப்பு வெறும் சந்தோஷச் சிரிப்பாக இருந்தது. பண்டிகை நாளில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஒலியோடு பார்க்கும்போது அது பொறுத்துக்கொண்ட சிரிப்பாகிவிடுகிறது. ஆசைப்பட்டுக் கேட்டது கிடைக்கவில்லை. கேட்டவிதத்துக்கு மரியாதையும் கிடைக்கவில்லை. அப்போதும் பிள்ளையின் விளையாட்டைக் கெடுக்க மனமில்லாமல் சிரித்துவிட்டுப் போகிறாள். என் அவமானத்தை மறைக்கப் போனால் அவளுடைய பெருமையையும் சேர்த்தே மறைக்க வேண்டும். மறதி மன்னிப்பு ஆகாது. என்ன செய்யப்பட்டது என்பது தெரிந்தால்தானே, எதை மன்னித்தாள் என்பது தெரியும்?

நம் வீடுகளில் பழைய காஸெட்டுகள் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. அவற்றை மாற்றி வாங்குகிறவர்கள், படம் வந்து ஒலி வராவிட்டால் என்னைப் போல உடனே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். உள்ளே குரல் இருக்கக்கூடும். குரல் கிடைத்த பிறகு உங்களுக்குச் சந்தோஷம்தான் கிடைக்கும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

சென்ற வாரம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நானே திருச்சிக்குப் போனேன். அக்கா வீட்டு டெலிவிஷனில் படம் ஓடிற்று. தான் போட்ட கோலத்தைப் பார்த்து அவள் சிறு பெண்ணைப் போலச் சிரித்தாள். அடுப்பங்கரை நிலைவாசல் வந்தது. அந்த இடம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் அவள் கை ரிமோட்டை எடுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பேச ஆரம்பித்தாள்.

அக்கா ரிமோட்டை மெல்ல மடியில் வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டாள்.