ஊரை விட்டுப் போவது தவறா?

இந்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். 'எங்கள் தோட்டம்' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, நான் அங்கே பிறக்கவில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். அப்பா பன்னிரண்டு வயதிலேயே ஈப்போவுக்கு வந்துவிட்டார். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டு ரொம்ப வருஷம் ஆகிறது. லயத்து வீடுகளில் ஒரு வரிசைகூட இப்போது இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது.

கோயில் வாசலில் நின்ற கார்களை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கோலாலம்பூர், சிலாங்கூர், ஜொகூர் எண்கள். நம்ம பேராவின் 'ஏ' எண் குறைவுதான். அன்னதானத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. ஆனால் சாமி தூக்க ஆள் போதவில்லை. ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சாயங்காலம் என்னிடம் கேட்டார். "தம்பி, படிப்பு முடியப் போகுதுல? நீயும் கே.எல். தானே?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் என் கைப்பேசியில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று கோலாலம்பூரில், சம்பளம் 3,200 வெள்ளி. இன்னொன்று ஈப்போவில், 2,400 வெள்ளி. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, ஊரை விட்டுப் போவது சரியா தவறா என்பது எனக்குப் பட்டிமன்றத் தலைப்பு இல்லை.

மனிதர்கள் ஏன் ஊர் மாறுகிறார்கள்? அமெரிக்காவில் வடக்கே பனியும் வாடகையும் தாங்காதவர்கள் டெக்சஸ், புளோரிடா பக்கம் போகிறார்கள். நமக்கு வெயிலைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை, தேவைக்கு மேலேயே இருக்கிறது. நம்மை நகர்த்தியதெல்லாம் வயிறும், பிள்ளைகளின் படிப்பும், சில சமயம் சட்டமும்தான்.

நம் குடும்பங்களின் கதையைப் பாருங்கள். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த மரம் பெருகப் பெருக, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அதை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையோடு வீடும் போனது. 1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். பிறகு செம்பனை வந்தது. ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் அதற்கு வேண்டியதில்லை.

இதில் யாரும் ஆசைப்பட்டு ஊரை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும் என்பதால், நின்று யோசிக்கவும் இடமில்லை. இதைப் புரிந்துகொண்டவர் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த துன் வீ.தி.சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்கு வாங்கச் சொன்னார். விற்கப்படும் தோட்டத்தை வேலை செய்கிறவர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் யாரும் கிளம்ப வேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம். போகாமல் இருக்கும் உரிமைக்காகவும் ஒருவர் பாடுபட்டிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

என் தாத்தாவைத் தள்ளினார்கள், அவர் போனார். என்னை யாரும் தள்ளவில்லை. நான் தேர்ந்தெடுக்கிறேன். தள்ளப்பட்டவரிடம் கேட்கக் கூடாத கேள்வியைத் தேர்ந்தெடுத்துப் போகிறவனிடம் கேட்கலாம்.

அதனால் முதலில் கணக்குப் போட்டேன். சேமநிதியும் மற்ற பிடித்தங்களும் போக, கே.எல். சம்பளத்தில் கைக்கு 2,820 வெள்ளி வரும். அங்கே வேலை செய்யும் சீனியர் ஒருவரிடம் விலைவாசி கேட்டேன். அறை வாடகை 700, பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 500, சாப்பாடு 900. மீதி 720. அதில் வீட்டுக்கு 400 அனுப்பினால் 320 மிஞ்சும். ஈப்போ சம்பளத்தில் கைக்கு 2,100 சொச்சம். அம்மா வீட்டில் வாடகை இல்லை. வீட்டுக்கு 400 கொடுத்து, பெட்ரோலுக்கு 200, வெளிச் சாப்பாடு மற்றதுக்கு 400 என்று வைத்தாலும் 1,100 மிஞ்சும். 'கே.எல். போனாதான் காசு' என்று நாம் சொல்வது, என் விஷயத்தில் தப்புக் கணக்கு.

அப்படியும் மனசு கே.எல். பக்கமே சாய்ந்தது. ஏன் என்று யோசித்தேன். ஒரு காரணம் நேர்மையானது. நான் கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். முழுப் பொறியாளராகப் பதிவு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள் அனுபவம் காட்ட வேண்டும். பெரிய கட்டடங்களும் சுரங்கப் பாதைகளும் அங்கேதான் நடக்கின்றன. இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஈப்போவில் நான் இன்னாருடைய மகன். எங்கே தேத்தண்ணி குடித்தேன், யாரோடு பேசினேன் என்பது நான் வீட்டுக்கு வருமுன் அம்மா காதுக்கு வந்துவிடும். கே.எல்.-இல் யாரும் கேட்க மாட்டார்கள். கோயில் வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். பணத்துக்காகப் போகிறேன் என்பது எனக்கு வசதியான பொய்யாக இருந்திருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் வருகிறது. எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளி, தலைநகரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி குடியிருக்கிறார்கள். "இங்க வீடு மலிவு, சாப்பாடு நல்லாருக்கு, ஜேம் இல்ல. ரெண்டரை மணி நேரத்துல ஈ.டி.எஸ். ரயில்ல பிள்ளைங்களப் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறார் அந்த ஐயா. அவர் சொல்வதில் தப்பே இல்லை. இருபது வயதில் ஆட்கள் கிளம்பிப் போகிற அதே ஈப்போவுக்கு அறுபது வயதில் ஆட்கள் வருகிறார்கள்.

ஆனால் ஈப்போ ஏன் மலிவாக இருக்கிறது? கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த இடம். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறினார்கள். வாங்க ஆள் குறைந்தால் விலை ஏறாது. ஈப்போவின் மலிவில் ஒரு பங்கு, போனவர்கள் விட்டுச் சென்ற வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பொது மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் அக்கா, வாடகைக்கு ஆள் வைக்க முடியாத தேவார வகுப்பை வாரா வாரம் நடத்தும் ஆசிரியை, தோட்டத்து அண்ணன் எல்லாரும்தான். வாடகை ரசீதில் அந்த விலை வராது.

எங்கள் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது இதுதான். ஒரு கட்டடத்தில் ஒரு தூணை எடுத்துவிட்டால் அது தாங்கிய பாரம் காணாமல் போகாது. மிச்சமுள்ள தூண்களுக்குப் போகும். தூணை எடுக்கவே கூடாது என்பதில்லை. வீடு புதுப்பிக்கும்போது எத்தனையோ பேர் எடுக்கிறார்கள். எடுக்கும் முன் பாரம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும், தேவையான இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். பார்க்காமல் எடுப்பதுதான் குற்றம்.

நம் சமயம் இதில் என்ன சொல்கிறது? மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரியும். அம்மையப்பரையே சுற்றி வந்த பிள்ளையாருக்குப் பழம் கிடைத்தது. உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனான். சின்ன வயதில் சமய வகுப்பில், பிள்ளையார் செய்ததுதான் சரி, பெற்றோரை விட்டு எங்கும் போகாதே என்று கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை காவடி தூக்கிக்கொண்டு நாம் போவது, வீட்டை விட்டுப் போன அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான். போனவனை நம் மரபு தள்ளி வைக்கவில்லை. இருந்தவனை மறக்கவும் இல்லை, எந்தப் பூசையிலும் முதல் வணக்கம் அவனுக்குத்தான். கதையில் நாம் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. கோபித்துப் போன மகனைத் தேடி அம்மையும் அப்பனும் மலைக்கே போனார்கள். உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர்கள் பெரியவர்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? தீபாவளிக்கு நாம் வர முடியாவிட்டால், முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறி வருவது அம்மாதான்.

ஆகவே போவது பாவமில்லை. தங்குவது மட்டுமே தர்மம் என்றால், தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறிய நம் முன்னோர் எல்லாரும் தர்மம் தவறியவர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் 'நான் போறேன், மாசா மாசம் காசு அனுப்புறேன், முடிஞ்சது' என்பதும் சரியில்லை. காசால் தூக்க முடியாத பாரமும் இருக்கிறது. அது என்னவென்று, தூக்கிக்கொண்டிருப்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

நான் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்குப் போன் பண்ணி, "நான் கே.எல். போனா உங்களுக்கு என்னா வேணும், அண்ணே?" என்றேன். நன்கொடை கேட்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

"கோயில் நிலத்துக்கு நில அலுவலகத்துல இருந்து கடிதம் வருது தம்பி. எல்லாம் மலாய்ல, வரைபடத்தோட. எனக்குப் புரியல. நீ படிச்ச புள்ள, அத எங்க இருந்து வேணாலும் பாத்து எழுதிக் குடுக்கலாம்ல?"

இரண்டாவதாகச் சொன்னது: "திருவிழாவுக்கு எல்லாரும் வர்றீங்க. மறுநாள் வாங்க. நாப்பது அண்டா கழுவணும், பந்தல் பிரிக்கணும், குப்பை அள்ளணும். போன வருஷம் நானும் என் சம்சாரமும் மூணு நாள் செஞ்சோம்."

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து வருஷமாக நான் திருவிழா அன்று இரவே ஈப்போவுக்குக் கிளம்பியிருக்கிறேன். ஊரில் இருந்தபோதே நான் போனவன் மாதிரிதான் இருந்திருக்கிறேன்.

கே.எல். வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். மூன்று அல்லது நான்கு ஆண்டு, பதிவு கிடைக்கும் வரை. திரும்பி வருவேன் என்று இப்போது சத்தியம் செய்யவில்லை. அப்படிச் சத்தியம் செய்தவர்களுடைய கார்களைத்தான் அன்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு மறுநாள் விடுப்பு எடுப்பதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நிலக் கடிதங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, முதல் கடிதத்துக்குப் பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நண்பர்களே, உங்களில் பலர் அடுத்த சில மாதங்களில் பெட்டி கட்டுவீர்கள். கட்டுங்கள். அதற்கு முன் ஒரு போன் மட்டும் பண்ணுங்கள். உங்கள் ஊரில், உங்கள் கோயிலில், உங்கள் வீட்டில் தங்கப்போகிறவர் யாரோ அவரிடம், உங்கள் பங்கு பாரத்தில் எதை நீங்கள் தூரத்திலிருந்தும் தூக்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.