ஒளித்து வைத்த தட்டும் உடைத்து ஊற்றிய தைலமும்



கையகல இசைத்தட்டு ஒன்று. சுழலவிட்டால் மூன்று நிமிஷத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். 2009-ம் ஆண்டில் அதை ஒருவர் 25,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார். இது பாவமா, பைத்தியமா, குற்றமற்ற ஆசையா? நிதானமாய் ஆராய்வோம்.

1965-ல் அமெரிக்காவில் பிராங்க் வில்சன் என்பவர் மோட்டவுன் கம்பெனிக்காகப் பாடிய காதல் பாட்டு அது. தட்டு கடைக்கு வரவில்லை. மாதிரிக்கென்று அச்சிட்டவையும் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில், தொழிலாளர் குடும்பத்து வாலிபர்கள், அமெரிக்காவில் விலைபோகாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளைத் தேடிப்பிடித்து, அவற்றுக்கு விடிய விடிய ஆடி வந்தார்கள். 1973 முதல் 1981 வரை விகன் நகரத்து நடன மண்டபம் இதற்குப் பேர்போனது.

தட்டுப் போடுகிறவர்களுக்குள் கடும் போட்டி. தன்னிடமுள்ள பாட்டு இன்னதென்று பிறர் அறியாதபடி, தட்டின் நடுவிலுள்ள பெயரை மறைத்து, பொய்ப்பெயர் சொல்லுவார்கள். வில்சனின் பாட்டும் முதலில் எடி பாஸ்டர் என்ற பெயரில்தான் ஒலித்தது. பாடினவனுடைய பெயரையே மறைக்கும்படி செய்தது எது? பாட்டின்மேல் அன்பா? அல்ல, ‘என்னிடம் உண்டு, உன்னிடம் இல்லை’ என்ற பெருமையே.

ஆனால் தட்டுச் சேகரிப்போர் எல்லாரையும் குற்றவாளிகளாக்குவது நியாயமன்று. கம்பெனிகள் குப்பையென்று தள்ளியதை அவர்கள் காப்பாற்றியிராவிடில் எத்தனையோ ஏழைப் பாடகர்களின் குரல் அழிந்தே போயிருக்கும். பழம்பொருளைப் பேணுவது நமக்கும் அந்நியமல்ல. வேதசாட்சிகளின் திருப்பண்டங்களைத் திருச்சபை பத்திரமாய்க் காத்து வருகிறதல்லவா?

அதிக விலை என்பதாலேயே பாவம் என்று தீர்ப்பிடவும் கூடாது. பெத்தானியாவில் மரியாள் முந்நூறு வெள்ளிக்காசு பெறுமான பரிமள தைலத்தை யேசுநாதரின் பாதங்களில் ஊற்றினபோது, ‘வீண் செலவு’ என்றவன் யூதாஸ். ஆண்டவரோ அவளைத் தடுக்கவில்லை. ஊற்றிய தைலத்தின் வாசனை வீடு முழுவதும் நிறைந்தது. விலையுயர்ந்த பொருளை எல்லாருக்கும் வாசனையாக்குவதும் உண்டு. பெட்டியில் பூட்டி வைப்பதும் உண்டு. வித்தியாசம் இங்கேதான்.

அர்ச். அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலில் கற்பிப்பதாவது: நன்மைத்தனம் பங்கிடப்படுவதால் குறைவதில்லை, பங்கிட மனமில்லாதவனுக்கு அது கிடைப்பதுமில்லை. பாட்டும் ஏறக்குறைய அப்படியே. ஆயிரம் பேர் கேட்டாலும் தேயாது. வில்சனின் அதே பாட்டை இன்று கைபேசியில் எவரும் கேட்கலாம். அப்படியானால் அந்தப் பெருந்தொகை பாட்டுக்காக அல்ல, அதன் அருமைக்காகவே கொடுக்கப்பட்டது.

ஆகவே, அரிய பொருளை வைத்திருப்பவன் தன் மனச்சாட்சியைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாளைக்கே எங்கோ ஒரு பரணில் இதைப்போல் நூறு தட்டுகள் அகப்பட்டால், இன்னும் நூறு பேர் மகிழ்வார்களே என்று சந்தோஷப்படுவேனா, விலை விழுந்ததே என்று துக்கப்படுவேனா? சந்தோஷப்படுவானாகில் அவன் இசையை நேசிக்கிறான். துக்கப்படுவானாகில், பிறருடைய இல்லாமையையே அவன் விலைகொடுத்து வாங்கியிருக்கிறான். அந்தத் துக்கத்துக்குக் காய்மகாரம் என்று பெயர். தலையான பாவங்கள் ஏழில் அதுவும் ஒன்று.

வில்சன் பின்னாளில் இசைத் தொழிலை விட்டுக் கிறீஸ்தவப் போதகராகி, 2012-ல் காலமானார். ஒளித்து வைக்கப்பட்ட பாட்டைப் பாடினவர், யாருக்கும் ஒளிக்கக் கூடாத நற்செய்தியைச் சொல்லும் வேலையில் இறங்கினார்!

நம் வீடுகளில் 25,000 பவுண்டு தட்டு இல்லை. ஆனால் நமக்கு மட்டும் தெரிந்த கைத்தொழில், பாட்டியோடு மறைந்துபோகவிருக்கும் பழைய தேவமாதா பாட்டு, அண்டை வீட்டாருக்குச் சொல்ல மனம்வராத வைத்தியம் எத்தனையோ உண்டு. இந்த வாரம் அவற்றில் ஒன்றையாவது ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். வாசனை வீடெங்கும் பரவட்டும். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு